முழங்காலுக்கு ஒன்றரை அங்குலம்

“உட்காரு, பார்க்கலாம்” என்றார் பிட்டர்.

நெட்டையக்கா உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, புருஷன் செய்து வைத்திருந்த காரியத்தைப் பார்த்தாள். பேருந்துப் பணிமனையின் சீட் பட்டறை அது, அவர் பிட்டராக வேலை பார்க்கும் இடம். ஓரத்தில் கிழிந்த ரெக்சின் உறைகள், பிய்த்தெடுத்த பஞ்சு, டப்பா நிறைய போல்ட்டுகள். நடுவில் ஒரு நீள இரும்புச் சட்டத்தில் இரண்டு பழைய சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கி வைத்திருந்தார்.

“எவ்வளவுல வெச்சிருக்கீங்க?”

“இருபத்தொம்பது அங்குலம். அந்த விமானக் கம்பெனிக்காரன் வெப்சைட்டுல போட்டிருக்கிற அதே அளவு.”

“இருபத்தொம்பது நிறையத்தானே இருக்கு?”

“அதான் இல்ல. இந்த சீட்டோட போல்ட்டுல இருந்து அடுத்த சீட்டோட போல்ட் வரைக்கும் இருபத்தொம்பது. நடுவுல முன் சீட்டோட முதுகு இருக்கு பாரு, அது நாலு அங்குலத்தை முழுங்கிடும். உன் பங்கு இருபத்தஞ்சு.”

“என் கால் எவ்வளவு?”

பிட்டர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் முனை வரை இழுத்துப் பிடித்தார். இரண்டு முறை பார்த்தார்.

“இருபத்தாறரை.”

“அந்த ஒண்ணரை அங்குலத்தை என்ன பண்றது?”

“வீட்டுல வெச்சிட்டுப் போ. நான் பத்திரமா பார்த்துக்கறேன்.”

அவள் சிரிக்காமல் போய் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். முழங்கால் முன் சீட்டின் முதுகில் இடித்தது. கால்களை அகட்டினாள், இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் அகட்ட முடியாது. ஒரு பக்கமாகச் சாய்த்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. பிட்டர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, விசையை அழுத்தி, ஒய்யாரமாகப் பின்னால் சாய்ந்தார்.

“அய்யோ! எழுந்திருங்க, எழுந்திருங்க!”

“இவ்வளவுக்கே கத்தினா எப்படி? எனக்கு முன்னாடி இருக்கறவன் சாய்ஞ்சா நானும் சாய்வேன். இது சங்கிலி.”

டீ குடிக்க வந்த கண்டக்டர் ஒருத்தன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். “என்ன நெட்டையக்கா, மடக்கின குடை மாதிரி இருக்கீங்க?”

“நீ வந்து உட்காரு, குடையா கொக்கான்னு பார்ப்போம்.”

“எனக்கென்னக்கா, நான் சம்மணம் போட்டே உட்காருவேன்” என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்துவிட்டான்.

பிட்டர் எழுந்து, சீட்டின் முதுகைத் தட்டினார். இப்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

“இந்த அளவுல நம்ம வண்டியில ஒரு வரிசை போட்டேன்னு வையி, ஆய்வாளர் வண்டியை கேட்டைத் தாண்ட விடமாட்டார். என் சட்டையைப் பிடிப்பார். நம்ம வண்டியில ஜனங்க உட்கார்றது அரை மணி நேரம்.”

“இது பதினஞ்சு மணி நேரம்.”

“பதினஞ்சு மணி இருபது நிமிஷம். டிக்கெட்டுல பார்த்தேன்.”

ஆறடிக்கு மேல் ஒரு விரற்கடை அவள். பணிமனையில் அவள் ஓட்டிவிட்டு இறங்கிய வண்டியில் அடுத்து ஏறும் ஓட்டுநர், “சீட்டு எங்கய்யா, பின் டயர் கிட்டயா இருக்கு?” என்று திட்டிக்கொண்டேதான் முன்னால் இழுப்பான். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து வலியோடு திரும்பிப் போனார்கள். அவள் காதளவு இருந்த பிட்டர் மட்டும், “எனக்குப் பரண்ல இருந்து சாமான் எடுக்க ஆள் வேணும்” என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். இருபது வருஷமாகப் பரண் சாமான் அவள்தான் எடுக்கிறாள்.

இப்போது எடுத்துக்கொடுக்க வேண்டியது வேறு சாமான். கடல் தாண்டி ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. குடும்பத்தில் எல்லோருக்கும் சோதனை செய்ததில் அவளுடையதுதான் பொருந்தியது. அவன் போனில் கேட்டான். அவள் “சரி” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அப்புறம் டிக்கெட் வந்தது: நாற்பத்து மூன்றாவது வரிசை, நடு சீட்டு.

“அப்படியே இரு, எழுந்திருக்காத” என்றார் பிட்டர். போனை எடுத்து, முன் சீட்டில் இடித்துக்கொண்டிருந்த அவளது முழங்கால்களை மட்டும் ஒரு படம் பிடித்தார். கூடவே டேப்பையும் வைத்து இன்னொரு படம். இரண்டையும் தம்பிக்கு அனுப்பினார்.

சாயங்காலம் அவர்கள் சமையலறையில் இருக்கும்போது போன் அடித்தது. தம்பி இல்லை. தம்பி மனைவி.

“என்ன அண்ணி அது படம்? ஏதாவது விபத்தா?”

“விபத்து இல்லம்மா. நீ போட்ட டிக்கெட்டு.”

“புரியல அண்ணி.”

“அந்த சீட்டுல என் கால் நுழையாது. அளந்து பார்த்தாச்சு. அதான் அளவுகோலோட அனுப்பியிருக்கார்.”

“அய்யோ அண்ணி, அளந்தா பார்த்தீங்க!” அவள் சிரித்தாள். “எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. ஏறினதும் ஒரு சினிமா, ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம். கண்ணை மூடித் திறந்தா இங்க.”

“கண்ணை மூடலாம். காலை எங்க வைக்கிறது?”

“கால் நீட்டற சீட்டுக்குத் தனியா கேக்கறாங்க அண்ணி. டிக்கெட்டுல மூணுல ஒரு பங்கு. இங்க ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரிக்குது. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். நெட்டையக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ‘பரவாயில்லம்மா, சமாளிச்சுக்கறேன்’ என்று. இத்தனை வருஷமாகச் சமாளித்துக்கொண்டுதானே வருகிறாள்? கட்டில் பத்தாது, கதவு நிலை பத்தாது, புடவை கரண்டைக்கு மேல் நிற்கும். இன்னொரு பதினைந்து மணி நேரம். சொல்லியே இருப்பாள். அதற்குள் தம்பி மனைவி பேசிவிட்டாள்.

“அப்புறம் அண்ணி, ஒரு சின்ன உதவி. எங்கம்மாவும் உங்க கூட அதே ப்ளைட்டுலதான் வர்றாங்க. ஆபரேஷன் சமயத்துல குழந்தைங்களைப் பார்த்துக்க ஆள் வேணுமில்ல? அவங்களுக்கு ஃபாரம் நிரப்ப வராது, பெல்ட் போடத் தெரியாது. நீங்க அப்பப்ப எழுந்து போய்ப் பார்த்துக்கணும்.”

“எழுந்து போயா? பக்கத்து சீட்டு இல்லையா?”

“இல்ல அண்ணி, அம்மா முன்னாடி. முதல் வரிசை.” ஒரு வினாடி தயங்கினாள். “அவங்களுக்கு முட்டி வலி இல்லையா. அதான்... கால் நீட்டற சீட்டு.”

பிட்டர் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“உங்கம்மா எவ்வளவு உயரம்?” என்றாள் நெட்டையக்கா.

“வலிக்கும் உயரத்துக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?”

“நானே சொல்றேன். கல்யாணத்துல பக்கத்துல நின்னாங்க, என் இடுப்புக்கு வந்தாங்க. நாற்காலியில உட்கார்ந்தா செருப்பு தரையில படாது. அவங்க அங்க நீட்டறதுக்கு என்னம்மா இருக்கு?”

“எங்கம்மாவைப் பத்தி இப்படிப் பேசாதீங்க அண்ணி.”

“உங்கம்மா தங்கம். நான் பேசறது உன்னைப் பத்தி. போனை அவன்கிட்ட கொடு.”

போன் கைமாறும் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். அப்புறம் தம்பி, கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோல்.

“அக்கா.”

“படம் பார்த்தியா?”

“பார்த்தேன் அக்கா. எனக்கு இதெல்லாம் தெரியாது. டிக்கெட் போட்டது அவ.”

“கிட்னி கேட்டது யாரு?”

“அக்கா...” என்று இழுத்தான்.

“யாருடா கேட்டது?”

“நான்தான்.”

“அப்ப டிக்கெட்டும் நீதான் போட்டிருக்கணும்.”

“அக்கா, நானும் வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில கிடக்கறேன். கையில ஊசி. அசையக்கூடாது. எனக்கு உட்கார்ற கஷ்டம் தெரியாதா?”

ஆனாலும் கேட்டாள்: “அந்த நாற்காலியில கால் நீட்டலாமா?”

“...நீட்டலாம்.”

“எனக்கு வேண்டியது அவ்வளவுதான்டா.”

“சரி அக்கா, நீ இப்போதைக்குப் பணம் கட்டிக்கோ, நான் அப்புறமா அனுப்பிடறேன்.”

“கட்டறதுக்கு என்கிட்ட இல்லாமயா கேக்கறேன்? இருபத்திரெண்டு வருஷமா வண்டி ஓட்டறேன். நான் கட்டிட்டா அது என் சீட்டு. நீ கட்டினாத்தான் நீ கொடுத்த சீட்டு. அக்காவுக்கு ஆறடி இருக்குன்னு நீ நினைச்சுப் பார்க்கணும். என் உடம்புல ஒரு துண்டைக் கேக்கத் தெரிஞ்சவனுக்கு, அந்த உடம்பு எங்க உட்காரும்னு கேக்கத் தெரியலையேடா! கிடங்குல பெட்டி அடுக்கற மாதிரி என்னையும் ஒரு மூலையில அடுக்கிட்ட.”

“கோவப்படாத அக்கா.”

“படுவேன். இன்னொண்ணும் கேட்டுக்கோ. இது பேரம் இல்ல. நீ சீட்டு மாத்தினாலும் கிட்னி உண்டு, மாத்தலைன்னாலும் உண்டு. சொன்னது சொன்னதுதான். ஆனா நான் உன் அக்காவா வர்றேனா, இல்ல உன் கிட்னியைத் தூக்கிட்டு வர்ற ஆளா வர்றேனா, அதை நீதான் சொல்லணும்.”

“மாத்திடறேன் அக்கா. நாளைக்கே.”

மறுநாள் அவள் இரண்டாவது நடை முடித்து வண்டியை ஓரங்கட்டும்போது செய்தி வந்திருந்தது. முப்பத்தொன்றாவது வரிசை, கதவோரம். முன்னால் சீட்டே இல்லாத சீட்டு. அவள் பட்டறைக்குப் போய் புருஷனிடம் காட்டினாள். டீக் குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரிடம் காட்டினாள். “பாரு, குடையை விரிக்கலாம்” என்றாள். சம்பந்தமே இல்லாமல் டீசல் போடுகிறவனிடமும் காட்டினாள்.

“தம்பி தம்பிதான்” என்றாள் அன்றைக்குப் பூராவும். பிட்டர் சட்டத்திலிருந்து அந்த இரண்டு சீட்டுகளையும் கழற்றினார்.

புறப்படுகிற அன்று மதியம் விமான நிலையத்துக்கு மூன்று பேராகப் போனார்கள். பிட்டர் தள்ளுவண்டியைத் தள்ளினார். தம்பியின் மாமியார், தன்னைவிடப் பெரிய கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெட்டையக்காவின் நிழலிலேயே நடந்துவந்தாள்.

“நீ முன்னாடி போ கண்ணு. உன் தலை தெரிஞ்சா நான் தொலைஞ்சு போக மாட்டேன்.”

“அத்தை, பாஸ்போர்ட் எங்க?”

“பையில.”

“பை எங்கன்னு கேட்டா கையிலன்னு சொல்வீங்க. வெளில எடுங்க.”

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கணினியில் தட்டினாள். பெட்டி தராசுப் பட்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

“நீங்க கதவோரம் உட்கார்றீங்கம்மா. அதனால சில கேள்வி கேக்கணும். ஏதாவது ஆபத்துன்னா அந்தக் கதவை நீங்க திறக்கணும். கனமா இருக்கும். முடியுமா?”

“நாற்பதடி வண்டியைச் சந்துல ரிவர்ஸ் எடுக்கறவ நான். கதவு என்ன பெரிய கதவு?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. “உடம்புக்கு ஏதாவது உண்டா? நோய் நொடி?”

“ஒண்ணும் கிடையாது. ரத்தம், மூத்திரம், இதயம் எல்லாத்தையும் சல்லடை போட்டுப் பார்த்துட்டாங்க. உடம்பு இவ்வளவு நல்லா இருக்கறதாலதான் ஒண்ணைக் கழட்டித் தம்பிக்குக் கொடுக்கப் போறேன்.”

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. “என்னம்மா?”

“கிட்னி.”

அவள் நிமிர்ந்து, முதல் தடவையாக முழுசாக நெட்டையக்காவைப் பார்த்தாள். பார்த்து முடிக்கச் சற்று நேரம் ஆனது.

“எப்பம்மா திரும்பி வர்றீங்க?”

“ஆறு வாரம் கழிச்சு.”

“திரும்பும்போது கதவோரம் உட்கார முடியாதும்மா. ஆபரேஷன் ஆன உடம்போட அந்தக் கதவைத் தூக்க விடமாட்டாங்க. இருங்க, என்ன போட்டிருக்காங்கன்னு பார்க்கறேன்.” தட்டினாள். முகம் தெளிந்தது. “பிரச்சினையே இல்லம்மா. திரும்பறதுக்கு உங்களுக்குக் கதவோரம் போடவே இல்ல. நாற்பத்து மூணு, நடு சீட்டு.”

“அது பழைய சீட்டும்மா. மாத்தியாச்சு.”

“போறதுக்கு மட்டும்தான் மாத்தியிருக்காங்க. ஒரு பக்கத்துக்குத்தான் கட்டியிருக்கு.”

“நல்லாப் பாரும்மா.”

“பார்த்துட்டேன். பெரியம்மாவுக்குத்தான் ரெண்டு பக்கமும் முன் வரிசை கட்டியிருக்காங்க.”

மாமியார் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“உங்களை யாரும் ஒண்ணும் சொல்லல அத்தை.”

பிட்டர் மெல்லச் சொன்னார்: “சரக்கு இறக்கின வண்டிக்கு எவன் மரியாதை கொடுக்கறான்?”

அதுதான். அவளுக்குச் சொல்ல வாய் வராததை அவர் சொல்லிவிட்டார். போகும்போது அவள் வயிற்றில் இரண்டு இருக்கிறது. கால் நீட்ட இடம். திரும்பும்போது ஒன்று, அதுவும் தையல் போட்ட வயிறு, அதற்கு நடு சீட்டு. அன்றைக்குப் பணிமனை முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டாளே, அந்த இடம் அவளுக்கு வாங்கியது அல்ல. உள்ளே இருந்த சாமானுக்கு வாங்கியது. டீசல் போடுகிறவனிடம் காட்டியதை நினைத்ததும் அவளுக்குக் காது சுட்டது.

போனை எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். ஊரே கேட்கட்டும்.

“அக்கா? ஏறியாச்சா?”

“ஏறல. கவுண்டர்ல நிக்கறேன். திரும்பறதுக்கு நாற்பத்து மூணு நடு சீட்டுன்னு சொல்றாங்க. தப்பா சொல்றாங்களா?”

“அது வந்து அக்கா...”

“சொல்லுடா.”

“அக்கா... டாக்டர் சொன்னார். இங்க வர்றப்ப உனக்குக் கால் வீங்கக்கூடாதாம். கால்ல ரத்தம் கட்டிக்கிட்டா ஆபரேஷன் தள்ளிப் போயிடுமாம். அதான் உடனே மாத்தினேன்.”

“அப்ப நான் கேட்டதுக்காக மாத்தல.”

“அதுக்காகவும்தான்...”

“என் முட்டியைப் படம் பிடிச்சு அனுப்பினேன், அசையல. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், கார்டு தானா வெளில வந்துடுச்சு. அப்படித்தானே?”

“திரும்பறப்ப பார்த்துக்கலாம்னு நினைச்சேன் அக்கா.”

“திரும்பறப்ப நீ பார்க்க மாட்ட. திரும்பறப்ப என்கிட்ட உனக்கு வாங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “கொஞ்சம் சீக்கிரம் முடிச்சீங்கன்னா...” என்று ஆரம்பித்தார். நெட்டையக்கா திரும்பி, மேலேயிருந்து அவரைப் பார்த்தாள். அவர் தன் ஷூ லேஸைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அவள் கவுண்டர் பெண்ணிடம் குனிந்தாள். “ஏம்மா, இந்தப் போற சீட்டுக்குக் கட்டினதைத் திரும்பற சீட்டுக்கு மாத்த முடியுமா?”

“முடியும்மா. முன் வரிசையில ஒண்ணு இருக்கு. அதே கட்டணம்தான். ஆனா இப்ப நீங்க பழையபடி நாற்பத்து மூணுக்குப் போகணும்.”

“அது காலியா இருக்கா?”

“அதை யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

“மாத்தும்மா.”

“ஏய், பைத்தியமா உனக்கு?” என்றார் பிட்டர். “உட்கார்ந்து பார்த்தோம் இல்ல? அஞ்சு நிமிஷத்துக்கே கத்தின.”

“நீங்க சும்மா இருங்க.”

“பணம் கட்டினவங்க சம்மதம் வேணும்மா” என்றாள் அந்தப் பெண். “அவங்க போனுக்கு நாலு எண் வரும். அதை அவங்க சொல்லணும்.”

“கேட்டியாடா? உனக்கு நாலு எண் வரும். உன் வாயால சொல்லு.”

“அக்கா, வேணாம் அக்கா. இங்க வர்றப்ப கஷ்டப்படுவ. கால் வீங்கிடும். டாக்டர்...”

“பார்த்தியா, இப்ப என் கால் மேல அக்கறை பொங்குது.”

“ரெண்டுக்கும் கட்டிடறேன் அக்கா! ரெண்டு பக்கமும் கட்டிடறேன், விடு.”

அதற்குப் பின்னாலேயே தம்பி மனைவியின் குரல்: “ரெண்டுக்கும்னா எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு? திரும்பறப்ப அண்ணி தூங்கிட்டேதானே போகப் போறாங்க, மருந்து கொடுத்து...” யாரோ போனைக் கையால் பொத்தியதில் மீதி அமுங்கிப்போனது.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். பிட்டர் கூரையைப் பார்த்தார். கவுண்டர் பெண் தேவையே இல்லாமல் ஒரு காகிதத்தைச் சரிசெய்தாள்.

நெட்டையக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிட்டருக்குத் தோன்றியது.

“தம்பி, கேளு. நீ இப்ப பயத்துல கட்டற. பயத்துல கட்டின சீட்டுல எனக்குத் தூக்கம் வராது. உன் கிட்னியை நாற்பத்து மூணுல வெச்சுக் கொண்டுவந்து சேர்க்கறேன், அதுக்கு ஒரு குறையும் வராது. கால் வீங்காது. பதினஞ்சு மணி நேரமும் எழுந்து எழுந்து நடக்கறேன். ஏம்மா, நடைபாதையில நடக்கறதுக்கு இன்னும் காசு போடலையே?”

“இன்னும் போடலம்மா” என்றாள் கவுண்டர் பெண்.

“போடல. அதனால நீ பயப்படாத. ஆனா திரும்பறப்ப நான் காலை நீட்டிக்கிட்டுத்தான் வருவேன். அப்ப என் வயித்துல உனக்கு வேண்டியது ஒண்ணும் இருக்காது. அப்பவும் எனக்கு இடம் கொடுத்தது என் தம்பின்னு நான் சொல்லிக்கணும். எண்ணைச் சொல்லு.”

பெட்டி தராசில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“ஏழு” என்றான் தம்பி.

கவுண்டர் பெண் தட்டினாள்.

“ரெண்டு.”

“அப்புறம்?”

“ஒம்பது... அக்கா, சின்ன வயசுல பஸ்ல எனக்கு ஜன்னலோரம் விட்டுட்டு நீ...”

“கதை வேணாம். நாலாவது எண்.”

“நாலு.”

அவள் போனை அணைத்தாள். பட்டை நகர்ந்து பெட்டி உள்ளே போனது. கவுண்டர் பெண் திரும்பும் சீட்டைத் தனிக் காகிதத்தில் அச்சடித்து நீட்டினாள். கேட்காமலே ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தாள். நெட்டையக்கா காகிதத்தை நான்காக மடித்து, புருஷன் சட்டைப் பையில் வைத்தாள்.

“இது உங்ககிட்ட இருக்கட்டும். அங்க இருந்தா இதையும் யாராவது கேப்பாங்க.”

பிட்டர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஒண்ணரை அங்குலத்தை என்கிட்ட விட்டுட்டுப் போன்னேன். நீ கேக்கல” என்றார். குரல் பிசிறியதால் நகைச்சுவை எடுபடவில்லை.

விமானத்தில் எல்லாம் பட்டறையில் பார்த்தபடியே இருந்தது. போல்ட்டுக்குப் போல்ட் இருபத்தொன்பது. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள் ஏற்கெனவே கைப்பிடியைப் பிடித்துவிட்டிருந்தார்கள். நெட்டையக்கா இறங்கி, மடங்கி, முழங்காலை முன் சீட்டின் முதுகில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். பெல்ட் விளக்கு அணைந்ததும், முன் சீட்டுக்காரன் விசையை அழுத்திச் சாய்ந்தான். சீட்டு சாயவில்லை. மறுபடி அழுத்தினான். முதுகால் மோதினான். ஒவ்வொரு மோதலும் அவள் முழங்கால் எலும்பில் இறங்கியது. அவள் காலை எடுக்கவில்லை. எடுக்க இடமும் இல்லை.

“தம்பி, மோதாதீங்க.”

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் இருந்த மணியை அழுத்தினான்.

அதற்குள் நடைபாதையில் ஒரு சின்ன உருவம், சீட்டுச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு வந்தது. தம்பியின் மாமியார். முதல் வரிசையிலிருந்து நாற்பத்து மூன்று வரை நடந்தே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

“எழுந்திரு கண்ணு. மாத்திக்கலாம்.”

“போய் உட்காருங்க அத்தை.”

“அங்க எனக்குக் கால் தொங்குது. வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சீட்டுகூட இல்ல. இங்கன்னா இவன் சீட்டுல மிதிச்சுக்கலாம்.”

“உங்க பொண்ணு உங்களுக்காகக் கட்டினது அது.”

“அவ கட்டினது எனக்குத் தெரியும். யார் காலை மடக்கிட்டுக் கட்டினாங்கறது இன்னைக்குத்தான் தெரியுது. எழுந்திரு.”

“அத்தை, நான் இப்ப ரொம்பக் கோவமா இருக்கேன். இப்ப யார் எது கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்வேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க.”

“ரெண்டு மணி நேரமா? அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர என் முட்டிக்கு ஆகாது. இங்கயே நிக்கறேன்.”

சொன்னபடியே, நடைபாதைச் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தலை அந்த முதுகுக்கு மேல் கொஞ்சம்தான் தெரிந்தது.

பணிப்பெண் வந்தாள். முன் சீட்டுக்காரன் விசையைக் காட்டினான். “பாருங்க, சீட்டு ரிப்பேர். சாயவே மாட்டேங்குது. காசு கொடுத்துத்தானே வர்றோம்?”

பணிப்பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமியார் எட்டி அவன் தோளைத் தட்டினாள்.

“சீட்டு நல்லாத்தான் இருக்குப்பா” என்றாள். “பின்னால ஆள் இருக்கு.”